டிமென்ஷியா என்று தெரிந்த பிறகு அப்பாவைக் குழு சிகிச்சைக்கு அனுப்பலாமா?

குழித்துறைப் பக்கமிருந்து ஒரு மகள் கேட்டிருக்கும் கேள்வி இது. அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது 76. திருவனந்தபுரத்தில் ஸ்கேன், ரத்தம், ஞாபகச் சோதனை எல்லாம் முடித்து டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமர், அதுவும் ஆரம்பநிலை என்று சொல்லிவிட்டார்கள். அவரிடம் இன்னும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மருந்து எழுதிய டாக்டர் குழு சிகிச்சைக்கும் அனுப்புங்கள் என்கிறார். ஞாபகமே நழுவிக்கொண்டிருக்கிற மனிதரை நாலு பேர் நடுவில் உட்காரவைத்து நோயைப் பற்றிப் பேசச் சொல்வதில் என்ன பிரயோஜனம், இருக்கிற நிம்மதியும் போய்விடாதா என்பது அந்த மகளின் கவலை.

அனுப்புங்கள். அதற்கு இந்த ஆரம்பநிலைதான் சரியான நேரம், ஏனென்றால் தனக்கு என்ன நடக்கிறது என்று யோசிக்கவும் சொல்லவும் அவரால் இப்போது முடியும். நான் மனநல சமூகப் பணியாளர். தமிழ்நாடு-கேரள எல்லையிலிருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் வருகிறவர்களை வைத்து இப்படிப்பட்ட குழுக்களை நடத்துகிறேன், அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: போன ஞாபகத்தை எந்தக் குழுவும் திருப்பிக் கொண்டுவராது. அதை எதிர்பார்த்து அனுப்பினால் இரண்டாவது வாரமே ஏமாந்து நிறுத்திவிடுவீர்கள்.

‘குழு’ என்ற பெயரில் மூன்று வேறு வேறு விஷயங்கள் நடக்கின்றன, டாக்டர் எதைச் சொன்னார் என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஒன்று அறிவுத் தூண்டல் சிகிச்சை. இங்கிலாந்தில் உருவானது, வாரம் இரண்டு முறை வீதம் ஏழு வாரத்தில் 14 அமர்வுகள், பழைய பாட்டு, செய்தித்தாள், சாப்பாடு, காசு என்று ஒவ்வொரு தடவையும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பேசுவது, விளையாடுவது. லேசான, நடுத்தர நிலை டிமென்ஷியாவுக்கு இது ஓரளவு உதவுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தில் நம் ஆட்களுக்கு ஏற்ற மாதிரி இதை மாற்றியமைத்து நடத்திப் பார்த்திருக்கிறார்கள். இரண்டாவது, பார்த்துக்கொள்கிறவர்களுக்கான குழு. அது உங்களுக்கும் உங்கள் அம்மாவுக்கும். மூன்றாவதுதான் நீங்கள் பயப்படுகிற குழு: நோய் வந்தவர்களே கூடி, தங்களுக்கு வந்ததைத் தங்கள் வாயால் பேசி, அதோடு எப்படி இருப்பது என்று பார்ப்பது. இங்கிலாந்தில் ரிக் செஸ்டன், ஆன் மார்ஷல் என்ற உளவியலாளர்கள் இதை எட்டு வாரத் திட்டமாக வடிவமைத்து, லிவ்டெம் என்ற பெயரில் மற்றவர்களுக்கும் நடத்தக் கற்றுக்கொடுக்கிறார்கள். நாங்கள் நடத்துவதும் அதைப் பார்த்து எங்கள் ஊருக்குத் தகுந்தபடி அமைத்துக்கொண்டதுதான்.

அப்புறம் நிம்மதி. அவர் இப்போது நிம்மதியாக இருக்கிறார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த நிலையில் இருக்கிற பெரும்பாலானவர்களுக்கு ஏதோ சரியில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. கோயிலிலோ சர்ச்சிலோ பழைய மாணவன் வந்து ‘சாரே, என்னைத் தெரியுதா?’ என்று நின்றால் பெயர் வராது, சிரித்துச் சமாளிப்பார், அடுத்த வாரம் ‘முட்டு வலிக்குது, நான் வரல்ல’ என்று வீட்டிலேயே இருந்துகொள்வார். பேங்குக்குப் போகிற வேலையை மெல்ல உங்கள் தலையில் கட்டுவார். இதையெல்லாம் ஒருவர் தனியாக, யாரிடமும் சொல்லாமல் செய்துகொண்டிருக்கிறார் என்று வையுங்கள். அதோடு, தான் உள்ளே நுழைந்ததும் வீட்டில் பேச்சு நிற்பதையும், அம்மா கண்ணைத் துடைப்பதையும், மகன் வளைகுடாவிலிருந்து திடீரென்று தினமும் போன் செய்வதையும் அவர் பார்க்கிறார். தலைமையாசிரியராக இருந்தவருக்கு வகுப்பில் பின்பெஞ்சில் நடப்பது தெரிந்தது, சொந்த வீட்டில் நடப்பது தெரியாதா? சொல்லாமல் விட்டால் அவர் பயம் குறைவதில்லை. பயத்தைப் பற்றிப் பேச ஆள் இல்லாமல் போகிறது, அவ்வளவுதான்.

அதனால் குழுவுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும், இதில் சுற்றி வளைக்க வழி இல்லை. ‘சும்மா ஒரு மீட்டிங், வாங்க’ என்று அழைத்துவந்து, அங்கே பக்கத்திலிருக்கிறவர் வாயிலிருந்து அல்சைமர் என்ற சொல்லை முதல்முறையாகக் கேட்க வைப்பது அவருக்குச் செய்யும் பெரிய துரோகம். ஒருவரைச் சேர்ப்பதற்கு முன் நாங்கள் வீட்டுக்கே போய் ஒருமுறையாவது தனியாகப் பேசுகிறோம், என்ன சொல்லியிருக்கிறார்கள், அவர் என்ன புரிந்துவைத்திருக்கிறார் என்று கேட்கிறோம். நீங்களும் அப்படித் தொடங்கலாம். ‘அப்பா, டாக்டர் சொன்னது உங்களுக்கு என்னன்னு தோணுது, முழுசா தெரிஞ்சுக்கணுமா?’ என்று கேளுங்கள். வேண்டும் என்றால் நோயின் பெயரோடு சொல்லுங்கள், முடிந்தால் டாக்டர் முன்னிலையில், காலை நேரத்தில், களைப்பில்லாத நாளில். வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள், கொஞ்ச நாள் கழித்து மறுபடி கேளுங்கள். ஒரே மூச்சில் அடுத்த பத்து வருஷத்தையும் சொல்லிவிட வேண்டியதில்லை. ‘ஞாபகத்தைப் பாதிக்கிற நோய், மெதுவாகப் போகும், மருந்து இருக்கு ஆனா முழுசா மாத்தாது, நாங்க கூட இருக்கோம்’ என்பது முதல் நாளுக்குப் போதும்.

சரி, குழுவில் அப்படி என்னதான் நடக்கிறது? அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். ஒரு குழுவில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். மார்த்தாண்டம் – தம்பானூர் (திருவனந்தபுரம் பஸ் நிலையம்) வழித்தடத்தில் பல வருஷம் ஓடியவர். முதல் வாரம் ஒன்றும் பேசவில்லை, மகன்தான் கட்டாயப்படுத்திக் கூட்டிவந்தான் என்று மட்டும் சொன்னார். அடுத்த முறை, எது கஷ்டமாக இருக்கிறது என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தபோது, கையிலிருந்த டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். போன மாசம் பஸ்ஸுல போனேன், எனக்க ஸ்டாப்பு வந்தது எனக்குத் தெரியல்ல. அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்து வந்தேன். வீட்டுல சொல்லல்ல.” யாரும் உடனே ஒன்றும் பேசவில்லை. நானும் கூட நடத்துகிற நர்ஸும் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. அப்புறம் எதிரே இருந்த அம்மா சொன்னார்: “எனக்க கதையும் அதுதான் அண்ணா. மரச்சீனிய வேக வச்சிட்டு உப்பு போட்டேனா இல்லியான்னு தெரியாது. மருமவ வந்து பாக்கதுக்கு முன்னாடி மூணு மட்டம் ருசிச்சுப் பாத்துருவேன்.” அவர் நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தார். “அப்ப நீங்களும் சொல்லல்ல?” என்றார். “யாருட்டச் சொல்ல?” என்றார் அந்த அம்மா. அதற்குப் பிறகு அறையில் இருந்த எல்லோரும், அதுவரை பேசாமல் இருந்தவர்கள்கூட, வீட்டில் சொல்லாமல் வைத்திருந்த ஒவ்வொன்றைச் சொல்ல ஆரம்பித்தார்கள். இடையிடையே சிரிப்பும் வந்தது.

அந்த ‘அப்ப நீங்களும்’ என்பதை டாக்டரால் தர முடியாது, என்னால் முடியாது, உயிரையே வைத்திருக்கிற மகளாலும் முடியாது. நீங்கள் ‘பரவாயில்லைப்பா, எல்லாருக்கும் மறக்கும்’ என்று சொன்னால் அது ஆறுதல் சொல்வதற்காகச் சொல்வது என்று அவருக்குத் தெரியும். அதே நோய் உள்ள இன்னொருவர் ‘எனக்கும்’ என்று சொன்னால், தான் மட்டும் புத்தி கெட்டுப்போகவில்லை, இது ஒரு நோய், இது வந்தவர்கள் இதோ சட்டை மடித்து வேட்டி கட்டி உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள் என்று கண்ணால் பார்க்கிறார். உங்கள் அப்பாவுக்கு இன்னொன்றும் இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மார்க் போட்டவர் அவர், இப்போது யாரைப் பார்த்தாலும் இன்னைக்கு என்ன கிழமை, யார் முதலமைச்சர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்கிறார்கள். இந்தக் குழுவில் அவரை யாரும் சோதிப்பதில்லை. அதற்காகவே நாங்கள் முதலிலேயே சொல்லிவிடுவோம், இங்கே தப்பான பதில் கிடையாது, ஒரு கதையை நாலு தடவை சொன்னாலும் கேட்போம்.

போய்ப் பேசியதே அவருக்கு மறந்துவிடுமே என்பீர்கள். மறக்கலாம். ஆனால் நடந்தது மறந்தாலும் அதனால் வந்த உணர்வு தங்குகிறது. 2014-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான, சந்தோஷமான படக்காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் பலருக்கு என்ன பார்த்தோம் என்பதே நினைவில் இல்லை, ஆனால் வருத்தமும் சந்தோஷமும் அதற்குப் பிறகும் நீடித்தன. குழுவிலும் இதைத்தான் பார்க்கிறோம்: என் பெயர் தெரியாது, போன வாரம் பேசியது தெரியாது, ஆனால் அறை வாசலில் கால் வைத்ததும் தோள் தளர்ந்து, வழக்கமான நாற்காலிக்கு நேராகப் போய் உட்காருவார்கள். அதற்காகத்தான் ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே அறை, ஒரே நாற்காலி வரிசை என்று பிடிவாதமாக இருக்கிறோம். நெஞ்சில் பெரிய எழுத்தில் பெயர் அட்டை, ஒவ்வொரு வாரமும் போன வாரம் என்ன பேசினோம் என்று அரைப் பக்கத்தில் எழுதிய தாள், ஃபேன் சத்தம் காதில் விழாத அளவுக்குச் சின்ன வட்டம். ஆறேழு பேருக்கு மேல் போனால் யார் பேசுகிறார் என்பதே குழம்பிவிடும்.

ஆதாரம் என்று பார்த்தால் மிகைப்படுத்த விரும்பவில்லை. செஸ்டன் குழுவினர் பத்து வாரக் குழுக்களை நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆய்வில் மனச்சோர்வு குறைந்தது தெரிந்தது, ஆனால் அது சிறிய ஆய்வு. டிமென்ஷியா உள்ளவர்களுக்கான பேச்சு சிகிச்சைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து 2022-ல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) தொகுப்பாய்வு, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்குகிற அறிவு-நடத்தை சிகிச்சைகள் மனச்சோர்வைக் கொஞ்சம் குறைக்கின்றன என்ற அளவில் சொல்கிறது. கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் ஒரு மனிதர் மறுபடி வாசலில் வந்து உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார் என்றால் எனக்கு அது பெரிய விஷயம்.

எல்லைப் பகுதியில் இருக்கிற நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு, அதை வெளியூர் டாக்டர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். 1956 நவம்பர் 1 வரை விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் எல்லாம் மலையாளம் பெரும்பான்மையாக இருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தவை. உங்கள் அப்பா வயதுக்காரர்களில் சிலர் முதல் எழுத்தை மலையாளத்தில் படித்திருப்பார்கள், வீட்டில் தமிழ் பேசியிருப்பார்கள், பிறகு தமிழில் பாடம் நடத்தி ரிட்டயர் ஆகியிருப்பார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ மையத்தில் ஆடன்புரூக் என்ற ஞாபகச் சோதனையை மலையாளத்துக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறார்கள், நல்ல சோதனை. ஆனால் தமிழில் யோசிக்கிற ஒருவருக்கு மலையாளத்தில் சோதனை வைத்தால் மார்க் குறைவாக வரலாம். எந்த மொழியில் சோதித்தார்கள் என்று ரிப்போர்ட்டைப் பார்த்துக் கேளுங்கள். அதே கையோடு வைட்டமின் பி12, தைராய்டு பார்த்திருக்கிறார்களா, மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்த்தார்களா, சமீபத்தில் தலை அடிபட விழுந்தாரா என்பதையும் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். குழுவையும் அவருக்கு எந்த மொழியில் கோபமும் சிரிப்பும் வருமோ அந்த மொழியில் நடக்கிற இடமாகப் பாருங்கள். பாறசாலைக்காரரும் மார்த்தாண்டத்துக்காரரும் ஒரே வட்டத்தில் இருந்தால் பேச்சு இரண்டிலும் ஓடும், அதில் யாருக்கும் கஷ்டம் இல்லை, நடத்துகிறவருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

எட்டு வாரத்தில் எதையெல்லாம் பேசுகிறோம் என்று வரிசையாக எழுதப்போவதில்லை. ஞாபகம் எப்படி வேலை செய்கிறது, கவலை வந்தால் உடம்பில் என்ன நடக்கிறது, மூச்சை எப்படிச் சீராக்குவது, வீட்டில் சண்டை வராமல் உதவி கேட்பது எப்படி, இதெல்லாம் வரும். அதிக நேரம் எடுப்பது ‘யாரிடம் சொல்வது’ என்ற கேள்விதான். மனைவியிடம் சொல்லலாம், பிள்ளைகளிடம் சொல்லலாம், ஆனால் தம்பி குடும்பத்துக்குத் தெரிந்தால் சொத்துப் பேச்சு வருமே என்ற பயம் நம்மூரில் வெளிப்படையாகவே இருக்கிறது. ரப்பர் தோட்டத்துக்குப் பங்கு கேட்டு பத்திரத்தோடு வந்து நிற்பார்கள் என்கிறார்கள். அது கற்பனைப் பயமும் இல்லை. ஆகவே தெளிவாக இருக்கும் இந்தக் காலத்திலேயே, டாக்டரின் சான்றோடு உயில் எழுதிப் பதிவு செய்ய விரும்புகிறாரா என்று கேட்கலாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், பின்னாளில் தனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், யார் தன் சார்பில் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும் இடம் தருகிறது. தன் நோய் என்னவென்று தெரியாத மனிதரால் இதில் எதையும் செய்ய முடியாது. சொல்லாமல் மறைப்பதில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்: அவருடைய வாழ்க்கையின் கடைசி முடிவுகளை அவரைக் கேட்காமலே நாம் எடுத்துவிடுகிறோம்.

ஒரு விஷயத்துக்குத் தயாராக இருங்கள். மூன்றாவது வாரம் ‘எனக்கு அல்சைமர்’ என்று தைரியமாகச் சொன்னவர் நான்காவது வாரம் ‘எனக்கு ஒன்றுமில்லை, டாக்டர்மார் காசுக்குச் சொல்லுவாங்க’ என்று சொல்லலாம். மறதியும் அதில் உண்டு, மனசு தாங்கமுடியாததைத் தள்ளி வைப்பதும் உண்டு, இரண்டையும் பிரித்துப் பார்க்க எங்களாலேயே பல நேரம் முடியாது. நீங்கள் ‘போன வாரம்தானே ஒத்துக்கிட்டீங்க’ என்று வாதாடாதீர்கள். நோயை ஏற்றுக்கொள்வது ஒரு நாளில் முடிகிற காரியமல்ல, வருவார்கள், போவார்கள், திரும்ப வருவார்கள். குழுவில் அப்படி ஒருவர் மறுத்தால் நாங்கள் திருத்துவதில்லை, ‘இதைக் கேட்கவே கஷ்டமா இருக்கு இல்லையா’ என்று மட்டும் சொல்வோம், அதற்குத் தலையாட்டாதவர் குறைவு.

ஆபத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். நோயைக் கண்டறிந்த முதல் மூன்று மாதங்களில், குறிப்பாக 65 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் ஏற்கெனவே மனநலப் பிரச்சினை இருந்தவர்களுக்கும், தற்கொலை அபாயம் கூடுகிறது என்று இங்கிலாந்தில் செய்த ஆய்வொன்று 2022-ல் காட்டியது. சொல்லாமல் இருப்பதற்கு இதைக் காரணமாக்காதீர்கள், சொன்ன பிறகு தனியே விடாமல் இருப்பதற்குக் காரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பால் உறைய ஊற்றுகிற ஆசிட், பூச்சிமருந்து, தூக்க மாத்திரை எல்லாம் பூட்டுக்குள் போகட்டும். அடையாளம் தெரியாமல் எடுத்துக் குடித்துவிடுகிற ஆபத்துக்காகவும் இது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான். ‘நான் பாரம்’, ‘போய்ச் சேர்ந்துட்டா நல்லது’ என்ற பேச்சு வந்தால் வயசானவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று விடாமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் மலையாளத்திலும்.

எல்லோருக்கும் இந்தக் குழு சரிப்படாது. பேச்சே தடுமாறுகிறவர்கள், காது சுத்தமாகக் கேட்காதவர்கள், சந்தேகமும் மாயக்காட்சியும் அதிகமாக உள்ளவர்கள், நோய் நன்றாக முற்றியவர்கள், இவர்களுக்குப் பாட்டும் தோட்டவேலையும் தெரிந்த முகங்களும் அதிகம் உதவும். உங்கள் அப்பா அந்த வகையில் இல்லை என்று நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது.

எங்கே தேடுவது என்றால், முதலில் சோதனை செய்த அதே ஆஸ்பத்திரியில் உளவியலாளரிடம் கேளுங்கள். இந்திய அல்சைமர் சங்கம் 1992-ல் கேரளத்தில்தான் தொடங்கியது, திருவனந்தபுரத்தில் அதற்குக் கிளை இருக்கிறது. நாகர்கோவில் பக்கம் என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவு. தனிக் குழு இல்லை என்று சொன்னால், இதே நிலையில் இருக்கிற வேறு யாரையாவது தெரியுமா, இரண்டு பேரும் சம்மதித்தால் சேர்த்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். இரண்டு பேர், ஒரு திண்ணை, விவரம் தெரிந்த ஒரு நர்ஸ் இருந்தால்கூட ஆரம்பிக்கலாம்.

போகிற அன்று கண்ணாடியும் காதுக் கருவியும் மறக்க வேண்டாம், காலையில் சாப்பிட்டு வரட்டும், மதியத்துக்கு மேல் இருக்கிற நேரத்தைத் தவிருங்கள். நீங்கள் உள்ளே வர வேண்டாம். முதல் வாரமும் கடைசி வாரமும் குடும்பத்தைக் கூப்பிடுவோம், நடுவில் நீங்கள் இருந்தால் அவர் உங்களுக்காகத் தைரியமாக நடிப்பார். வீட்டுக்கு வந்ததும் ‘இன்னைக்கு என்ன பேசினீங்க’ என்று கேட்டு இன்னொரு பரீட்சை வைக்காதீர்கள், அவராகச் சொன்னால் கேளுங்கள். இரண்டு வாரம் வந்துவிட்டு இனி வரமாட்டேன் என்று உறுதியாகச் சொன்னால் இழுக்காமல் விட்டுவிடுங்கள், நடத்துகிறவரிடம் மட்டும் காரணத்தைச் சொல்லி வையுங்கள், அடுத்த குழு தொடங்கும்போது மறுபடி கேட்கலாம். உங்கள் அம்மாவின் பெயரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கான குழுவில் இப்போதே கொடுத்துவிடுங்கள், அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார், ஆனாலும் ஒருமுறை கூடவே போய் உட்காருங்கள்.